புதன்கிழமை மகன்

இதைப் படிக்கும் நீங்கள் சிறிது நேரம் எனக்குச் சாட்சியாக நில்லுங்கள். தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சொற்போர் மேடைகளில் நடுவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மணியடிக்கத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்குக் கேட்கத் தெரிவதில்லை. சாட்சிக்குக் காதும் நினைவும் இருந்தால் போதும்.

என் தரப்பு இதுதான். என் அம்மாவின் எலும்புகளில் புற்றுநோய் பரவியிருந்ததை நான்கு மாதங்கள் என்னிடமிருந்து மறைத்தார்கள். மறைத்தவர்கள் பகைவர்கள் அல்லர். என் அப்பா மறைத்தார். என்னோடு ஒரே மேடையில் நின்ற நண்பன் மறைத்தான். அம்மாவும் தன் பங்குக்கு மறைத்தாள். மறைத்ததன் விளைவாக அவளுடைய வலது தொடை எலும்பு முறிந்தது. அவள் மீண்டும் எழுந்து நடப்பாளா, எங்கள் வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் இனிமேல் நம்ப முடியுமா என்ற இரண்டு கேள்விகளும் அன்று ஒரே கட்டிலில் கிடந்தன.

நாங்கள் திருநெல்வேலிச் சீமையின் தெற்கிலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் ஓர் அறை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. நான் மாட்டுங்காவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. தாராவியிலிருந்து காட்கோபர் வரை தமிழ்ச் சொற்போர் எங்கே நடந்தாலும் அங்கே என் பெயர் இருக்கும். ஒலிபெருக்கி பழுதான ஒரு கூட்டத்தில் கடைசி வரிசை வரை என் குரலைக் கொண்டுசேர்த்திருக்கிறேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெருமையை வைத்தே என்னை ஏமாற்றினார்கள் என்பதால் அதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. நான் மட்டும் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். மாகிம் மாதா கோயிலில் நேர்த்திக்கடனாக மெழுகில் செய்த கையும் காலும் வைப்பார்கள். அதைப் பற்றி ஒரு கூட்டத்தில் கேலியாகப் பேசினேன். "மெழுகுக் காலை வைத்தால் உன் கால் குணமாகுமென்றால் மெழுகுத் தலையை வைத்தால் மூளையும் வளருமா?" என்று கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமானது. அன்று கூட்டத்தின் ஓரத்தில் அப்பா நின்றிருந்தார். கைதட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நான் பள்ளியில் படித்தபோது, அம்மாவின் மார்பில் ஒரு கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். கட்டி என்றுதான் எனக்குச் சொன்னார்கள், கட்டி போய்விட்டது என்றார்கள், நானும் மறந்துவிட்டேன். நான் சொல்லும் அந்த ஆண்டின் மழைக்காலத்தில் அவளுக்கு இடுப்பிலும் முதுகிலும் வலி தொடங்கியது. உட்கார்ந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். அப்பா ஒரு நாள் சொன்னார்: "புதங்கெழம தோறும் மாகிம் நொவேனாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். மாதா பாத்துக்கிடுவா." மாதாவிடம் வேண்டும் அந்தத் தொடர் ஜெபத்தின் பெயரைக் கேட்டதும் நான் உதட்டைப் பிதுக்கினேன். நானும் வருகிறேன் என்று நான் சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்ன பொய்க்கு வேறு பூட்டே தேவைப்படவில்லை.

அதே மாதத்திலிருந்து என் நண்பனும் புதன்கிழமை ஒத்திகைகளுக்கு வராமல் போனான். அவன் மாட்டுங்காக்காரன், மூன்று தலைமுறையாக அலுவலக வேலையில் இருக்கும் குடும்பம், தடித்த கண்ணாடி போட்டிருப்பான். ஆங்கிலம் அவன் வாயில் தண்ணீர் போல வரும். சொற்போரில் நான் தாக்குவேன், அவன் தொகுப்பான். இரட்டையராகத்தான் எங்களை அழைப்பார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால், "சித்தப்பா ஆத்துக்கு வந்திருக்கார்டா" என்பான். வாரந்தோறும் தவறாமல் வரும் அந்தச் சித்தப்பாவை நான் ஒரு முறைகூடச் சந்தேகிக்கவில்லை.

மூன்றாம் மாதத்தில் அம்மாவின் குரல் மாறியது. மெல்லிய குரல் அவளுடையது. கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காது. அது தடித்துக் கரகரத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆண்குரல் என்று சொல்லும்படி ஆயிற்று. வேறு எந்த மகனாக இருந்தாலும் கவலைப்பட்டிருப்பான். நான் குரல் கலையில் தேர்ந்தவன் அல்லவா? அடுப்புப் புகையால் வந்த தொண்டைக்கட்டு என்று உடனே முடிவு கட்டினேன். மிளகும் பனங்கற்கண்டும் வாங்கி வந்தேன். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து "ஆ" என்றும் "ஓ" என்றும் நீட்டிச் சொல்லும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தேன். அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, முந்தானையால் மோவாயை மூடியபடி, நான் சொன்னபடியெல்லாம் செய்தாள்.

"எம்மா, ஒன்ன மேடையில ஏத்திரலாம் போலிருக்கே. மைக்கே வேண்டாம்" என்றேன்.

"ஏத்துல. ஒனக்குச் சோறு யாரு பொங்குவா?" என்று அந்தக் குரலில் சிரித்தாள்.

அந்த நேரம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு நாள் பயிற்சி நடக்கும்போது நண்பன் வந்துவிட்டான். கொடுத்த தேநீரை ஆற்றாமல் குடித்தான். என்னைப் பார்க்காமல் கிளம்பிப் போனான். நாக்கு சுட்டிருக்கும் என்று நினைத்தேன்.

இனி அந்தக் காலை. மாட்டுங்காவில் அன்று மாலை இறுதிச் சொற்போர். எங்கள் வரிசையில் ஒரே குழாய்தான்; விடிந்து சிறிது நேரம் கழித்துத் தண்ணீர் வரும். சில மாதங்களாக அப்பாவே தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மனைவிக்குத் தண்ணீர் சுமக்கும் ஆண் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்டாக மாற்றிவிட்டார்கள்.

"ஏல, தண்ணி வாரதுக்குள்ள நான் பஸ்ஸப் புடிக்கணும். இன்னைக்கு நீ எடுத்துக் குடு" என்றார்.

நான் கையில் குறிப்புகளோடு நின்றிருந்தேன். "நானா? பொம்பளைய வரிசையிலயா? சாயங்காலம் மேடையில பேசப் போறவன் காலையில கொடத்தோட நின்னா ஒருத்தன் கேலி பண்ணாம விடுவானா?"

"அவளுக்கு முதுகு வலில."

"அதுக்குத்தான வாராவாரம் நொவேனாவுக்குப் போறிய? மாதாவையே வந்து தண்ணி எடுக்கச் சொல்லுங்க."

அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடினார். அவர் அன்று விழுங்கியது ஒரே ஒரு வாக்கியம். அதை அவர் சொல்லியிருந்தால் தாராவி முழுவதும் கூடி நின்று சிரித்தாலும் நான் குடத்தைத் தூக்கியிருப்பேன். இதை உங்கள் முன்னால் அழுத்திச் சொல்கிறேன்.

கால் மணி நேரத்தில் குழாயடியில் கூச்சல் கேட்டது. ஓடினேன். அம்மா ஒரு காலை மடக்கிக் கிடந்தாள். குடம் தள்ளி உருண்டிருந்தது.

"வழுக்கிட்டாளாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வழுக்க அவ எட்டே எடுத்து வைக்கலியே. கொடத்தத் தூக்கி இடுப்புல வச்சா, டப்புன்னு ஒரு சத்தம். நின்ன வாக்குலயே மடிஞ்சிட்டா!" என்றாள் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள்.

விழுந்ததால் எலும்பு முறியவில்லை. எலும்பு முறிந்ததால்தான் விழுந்திருக்கிறாள். எந்த எலும்பு ஒரு குடத் தண்ணீருக்கு முறியும் என்று கேட்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை. கதவுப் பலகை ஒன்றில் அவளைக் கிடத்தித் தூக்கிப்போய் டாக்சியில் ஏற்றினோம். செம்பூருக்குத் தகவல் சொல்ல ஓர் ஆள் ஓடினார்.

"கிதர் ஜானா ஹை?" என்று இந்தியில் போகும் இடத்தைக் கேட்டார் ஓட்டுநர். பக்கத்திலிருந்த மருத்துவமனையின் பெயரை நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்தாள்.

"அங்க வேண்டாம்யா. புதங்கெழம போற ஆசுபத்திரிக்குப் போச் சொல்லு."

"புதங்கெழம நீ கோயிலுக்குல்லா போற?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு வழி மட்டும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரி அது. உள்ளே நுழைந்ததும் ஒரு மலையாள நர்ஸ் அம்மாவைப் பார்த்து, பல நாள் பழகியவளைப் போல, "அய்யோ, அம்மைக்கு எந்து பற்றி? என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு? அம்மையோட மகன் எவிடே?"

"நான்தான் மகன்."

"அல்ல, அல்ல. எல்லா புதனாழ்ச்சையும் வருமே, கண்ணாடி வெச்ச பையன். அவனல்லே மகன்?"

தடித்த கண்ணாடி போட்ட ஒருவனை மட்டுமே எனக்குத் தெரியும். நர்ஸ் கோப்பைத் தேடி எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு டாக்டரை அழைக்கப் போனார். திறந்தேன். ஆங்கிலத்தில் நோயின் பெயர் இருந்தது. எலும்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தின் அடியில் சாய்ந்த கையெழுத்தில், நான்கு மாதங்களுக்கு முந்தைய ஒரு புதன்கிழமைத் தேதியிட்டு, ஒரு வரி: மகனிடம் விளக்கப்பட்டது.

மகனிடம்!

அப்பா செம்பூரிலிருந்து வந்துசேர நேரமானது. அதற்குள் எங்கள் வரிசையில் செய்தி கேட்டு நண்பன் என்னைத் தேடி வந்துவிட்டான். சொற்போரிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னான். நான் கோப்பை விரித்துக் காட்டினேன்.

"உங்கப்பா காலேஜ் வாசல்ல வந்து நின்னார்டா. டாக்டர் பேசறது தனக்குப் புரியலைன்னு கையப் பிடிச்சுண்டு அழறார். நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்ட சொல்லிருக்கணும்ல."

"சத்தியம் வாங்கிண்டுட்டார்."

"மகன்னு ஏன் சொன்ன?"

"நான் சொல்லலை. டாக்டர் 'யுவர் சன்?'னு கேட்டா. உங்கப்பா தலையாட்டிட்டார். நான் மறுக்கலை, அவ்வளவுதான்."

"நாலு மாசமா மறுக்கல. எங்கம்மா ஆ, ஓன்னு கத்துறதப் பாத்துட்டு டீ குடிச்சிட்டுப் போன."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "உனக்குப் பேசத் தெரியும், கேக்கத் தெரியாதுன்னு உங்கப்பா சொன்னார்டா. அப்போ எனக்கும் அது சரின்னுதான் பட்டது."

நான் கோப்பை மூடினேன். அதன்பிறகு அவனும் நானும் ஒரே மேடையில் நின்றதில்லை.

அப்பா எண்ணெய்க் கறை படிந்த காக்கியோடு வந்தார். ஏன் சொல்லவில்லை என்று ஒரே கேள்விதான் கேட்டேன்.

"சொன்னா நீ சும்மா இருப்பியால? மைக்கு போட்டுல்ல பேசுவ. இந்த நோயோட பேரு வெளிய தெரிஞ்சா குழாயடியில நம்ம கொடத்த எவளாச்சும் தொடுவாளா? தொத்திக்கிடும்னு அவளத் தள்ளி வச்சிர மாட்டாளுவளா?"

அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டை அப்படித் தள்ளி வைத்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் வாயை அவர் ஊர் வாய்களோடு சேர்த்து எடை போட்டுவிட்டார் என்பதுதான் எனக்குச் சுட்டது.

டாக்டர் ஒரு மராட்டியப் பெண்மணி. நான்தான் உண்மையான மகன் என்று தெரிந்ததும் கோப்பிலிருந்த அந்த வரியை ஒருமுறை பார்த்தார். பிறகு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஆங்கிலமும் இந்தியும் கலந்து, முதலிலிருந்து சொன்னார். தொடை எலும்பின் மேற்பகுதி பூச்சி அரித்த துணியைப் போல இருந்தது.

இது எலும்பில் பிறந்த நோய் அல்ல என்றார். மார்பில் பிறந்தது. அங்கே கத்தி படுவதற்கு முன்பே சில புற்றணுக்கள் இரத்தத்தோடு கிளம்பிப் போயிருக்க வேண்டும்; ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்துவிட்டு எலும்பில் குடியேறியிருக்கின்றன. எங்கே வளர்ந்தாலும் அது மார்பின் புற்றுநோய்தான்; அதற்குரிய மருத்துவம்தான் இதற்கும். உயிருள்ள எலும்பு ஒருபோதும் சும்மா இருப்பதில்லை; ஒரு பக்கம் கரைந்துகொண்டும் ஒரு பக்கம் கட்டிக்கொண்டும் இருக்கிறது. நோய் அந்தக் கரைக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது. கட்டும் வேலை பின்தங்கிவிடுகிறது. கரைந்த சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் ஏறினால் தாகம், வாந்தி, மயக்கம் வரும். அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

"எடை தூக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னேன். தண்ணீர்க் குடம் கூடவே கூடாது என்றேன். உங்கள் வீடுகளைப் பற்றி எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

வலி உள்ள இடங்களில் கதிர் கொடுத்து வந்திருக்கிறார்கள். நோயைத் தூங்கவைக்க, அந்தக் காலத்து வழக்கப்படி, ஆண்களுக்குரிய ஹார்மோன் சுரப்பை ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மருந்து பெண்ணின் குரலைத் தடிக்க வைக்கும், மோவாயில் முடி முளைக்க வைக்கும் என்று டாக்டர் சொன்னபோது என் காதுகள் எரிந்தன. நான் மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்தது ஊசி மருந்துக்கு. அம்மா முந்தானையால் மூடியது எதை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வீட்டில் நான் ஒருவன்தான் அதைத் தொண்டைக்கட்டு என்று நம்பியிருக்கிறேன். என்னை நம்பவிட்டு மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நடப்பார்களா?" என்று கேட்டேன்.

"எலும்புக்குள் கம்பி செலுத்துவோம். பிறகு அந்த இடத்துக்குக் கதிர். கோலூன்றி நடக்கலாம். நோயை ஒழிக்க முடியாது. பிடித்து நிறுத்தப் பார்க்கலாம்."

"எவ்வளவு காலம்?"

"அதற்கு நான் என்ன பதில் சொன்னாலும் அது பொய்யாக இருக்கும்."

நான்கு மாதங்களில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த நேர்மையான பேச்சு அதுதான் என்று தோன்றியது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. சில நாட்கள் கழித்து, ஒரு காலை, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள அம்மா எழுந்து நின்றாள். என் தோளில் ஒரு கையும் கோலில் ஒரு கையுமாக நான்கு அடி வைத்தாள். வியர்த்துக் கொட்டியது. "ஏல, கம்பி உள்ள இருக்குன்னு சொன்னாவ. மழையில துருப்புடிச்சிராதே?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள்.

அவளைப் படுக்க வைத்த பிறகு டாக்டர் வந்தார். புதிய படத்தில் முதுகெலும்பிலும் இரண்டு இடங்கள் தெரிகின்றன என்றார். கால் மரத்தாலோ சிறுநீர் தடைபட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, உடனே வர வேண்டும், முதுகுக்கும் கதிர் தொடங்குகிறோம் என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். இப்போது நான்தான் மகன். மொழிபெயர்ப்பும் என் பொறுப்பு.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் அம்மா.

கட்டிலின் கால்மாட்டில் அப்பா நின்றிருந்தார். வேண்டாம் என்று அவர் தலை மிக மெல்ல அசைந்தது. என்னைக் கெஞ்சும் முகத்தோடு அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. என் நாக்கு எனக்கு முன்பே முடிவெடுத்துவிட்டது.

"முன்னேற்றம் மனநிறைவு அளிக்கும் வகையில் இருக்கிறதாம். எலும்புத் தேய்மானம் சிறிதளவு எஞ்சியிருப்பதால், வலுவூட்டும் பொருட்டு முதுகுக்கும் சிகிச்சையை நீட்டிக்கிறார்களாம்" என்றேன். தடங்கல் இல்லாமல் வந்தது. ஒப்பனை இல்லாமல் அதை ஒப்புக்கொள்கிறேன். என்னை வஞ்சித்தவர்களை விடத் திறமையாக நான் வஞ்சித்தேன்.

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தத் தடித்த குரலில், அப்பாவின் காதில் விழாதபடி சொல்ல முயன்றாள். அந்தக் குரல் தணியவில்லை. வார்டு முழுவதும் கேட்டது.

"உங்கப்பா பொய் சொல்லையில இருமுவாரு. நீ பொய் சொல்லையில செந்தமிழ்ல பேசுத."

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"கதிரு ரூமுல கரண்டு வைக்கிற வரிசையில நாலு மாசமா நிக்கேன். முன்னால நிக்கவளுக்கு என்ன நோயி, பின்னால நிக்கவளுக்கு என்ன நோயின்னு கேட்டுக்கிட மாட்டேனா? இவரு தாங்க மாட்டாருன்னு கேக்காம இருந்தேன். ஒம் படிப்பு கெட்டுரும்னு இவரு சொன்னாரு, ஒங்கிட்ட நொவேனான்னு சொன்னேன். அது எம்மேல தப்புதான். ஒடம்பு என்னுதுல்லா. எனக்குள்ள என்ன ஒடையுதுன்னு எனக்கு ஒருத்தராவது சொல்ல வேண்டாமா? கொடம் தூக்காதன்னு யாரும் எங்கிட்டகூட சொல்லலியே!"

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புதிது. டாக்டர் நண்பனிடம் சொன்னது, நண்பன் அப்பாவிடம் சொன்னது, அப்பாவோடு நின்றுபோயிருக்கிறது. தூக்காதே என்றால் ஏன் என்று அவள் கேட்பாள் என அஞ்சி, அப்பா தானே குடத்தைத் தூக்கியிருக்கிறார். நான் ஏமாற்றப்பட்டதை இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். என்னைவிட அதிகம் ஏமாற்றப்பட்டவள் கட்டிலில் கிடந்தாள்.

அப்பா கால்மாட்டிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா தன் நல்ல காலை நகர்த்தி அவர் தோளில் வைத்தாள். அவரைப் போகச் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னதை நான் முதலிலிருந்து சொன்னேன். மார்பிலிருந்து எலும்புக்கு வந்ததை, முதுகில் தெரியும் இரண்டு இடங்களை, கால் மரத்தால் ஓடி வர வேண்டும் என்பதை, இது போகாது என்பதை. ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். முடிந்ததும் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், முழுவதும் குடித்தாள்.

பிறகு, அப்பாவும் நர்சும் பக்கத்துக் கட்டில்காரிகளும் கேட்க, எழுந்து நின்று சொன்னேன்:

"எம்மா, இனிமே டாக்டர் எங்கிட்ட என்ன சொன்னாலும் அன்னைக்கே ஒங்கிட்ட சொல்லிருதேன். நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தைகூட முழுங்க மாட்டேன். ஒனக்குத் தெரியாம ஒன்னப் பத்தி யாருகிட்டயும் பேச மாட்டேன்."